பரங்கி என்ற ஒரு சொல்லோடு 50 ஆண்டு போராட்டம்: யார் இந்த தத்துவ போதகர் ராபர்ட் டி நொபிலி?

ஏனாத்தூரிலோ உத்திரமேரூரிலோ காய்கறிக் கடைக்குப் போய் பரங்கிக்காய் கேட்டால், ஒரு பத்தை வெட்டி எடை போட்டுக் கொடுப்பார்கள். காஞ்சிபுரத்தில் மின்சார ரயில் ஏறி சென்னைக்குப் போனால், தாம்பரம் தாண்டி பரங்கிமலை வரும். கடலூர் மாவட்டத்துக்குப் போனால் பரங்கிப்பேட்டை என்றே ஓர் ஊர் இருக்கிறது. தினமும் வாயில் வந்து போகிற சொல்தான். யாரும் அதைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை.

ஆனா, 400 வருஷத்துக்கு முன்னாடி மதுரையில் நிலைமை வேறு. ஒருவரைப் பரங்கி என்று சொன்னால், அவர் வீட்டுக்குள் நுழையக் கூடாது, அவரோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, அவர் தொட்ட தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று அர்த்தம்.

அந்தச் சொல்லிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்ள ஒரு கத்தோலிக்கத் துறவி காவி உடுத்தினார், மரச் செருப்பு போட்டார், புலால் உணவை விட்டார், தமிழும் சமஸ்கிருதமும் தெலுங்கும் படித்தார். அதனாலேயே அவருடைய சொந்தத் திருச்சபை அவரைச் சந்தேகப்பட்டு விசாரணை வைத்தது. அவர்தான் ராபர்ட் டி நொபிலி. தமிழ்நாட்டில் தத்துவ போதகர் என்று அறியப்பட்டவர்.

கத்தோலிக்கர்களைப் பற்றி மற்றவர்களுக்கும், மற்றவர்களைப் பற்றி கத்தோலிக்கர்களுக்கும் இருந்த தவறான எண்ணங்கள் எப்படி உருவாயின? அதில் எது சரியானது, எது சரியாகவே இல்லை? இந்த ஒரே மனிதரின் வாழ்க்கையில் இரண்டுக்கும் விடை இருக்கிறது.

யார் இந்த நொபிலி?

1577 செப்டம்பரில் இத்தாலியில் பிறந்தவர் நொபிலி. சாதாரணக் குடும்பம் கிடையாது. போப் மூன்றாம் ஜூலியஸ், அந்தக் காலத்தின் புகழ்பெற்ற இறையியலாளர் கர்தினால் பெல்லார்மின் ஆகியோரின் உறவு வட்டத்தில் இருந்த பிரபுக் குடும்பம். மகன் பெரிய பதவிக்குப் போவான் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். அவரோ குடும்பத்தின் எதிர்ப்பையும் மீறி இயேசு சபையில் சேர்ந்தார்.

1604-இல் லிஸ்பனில் கப்பல் ஏறினார். 1605 மே மாதம் கோவா வந்து சேர்ந்தார். அங்கிருந்து கொச்சி, பிறகு முத்துக்குளித்துறைக் கடற்கரை. 1606 நவம்பரில் மதுரை. அப்போது அவருக்கு வயது 29. மதுரையில் நாயக்கர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது.

ஒரு சொல்லுக்குள் இவ்வளவு வெறுப்பா?

பரங்கி என்ற சொல் ஐரோப்பாவின் பிராங்க் இனத்தாரைக் குறிக்கும் பெயரிலிருந்து கிளம்பியது. அரபு, பாரசீக மொழிகள் வழியாக இந்தியாவுக்கு வந்தது. இங்கே அது முதலில் போர்ச்சுக்கீசியர்களைக் குறித்தது. அவர்கள் வந்த பிறகு பரவிய ஒரு நோய்க்குப் பரங்கிப்புண் என்றே பெயர் வந்துவிட்டது என்றால், அந்தச் சொல்லோடு எவ்வளவு அருவருப்பு ஒட்டியிருந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

இந்த எண்ணம் சும்மா வரவில்லை. கோவாவில் போர்ச்சுக்கீசிய ஆட்சி 1540-களில் கோயில்களை இடித்தது. 1560-இல் அங்கே இன்குவிசிஷன் என்ற சமய விசாரணை மன்றம் அமைக்கப்பட்டது. மதம் மாறுபவர்கள் போர்ச்சுக்கீசியப் பெயர் வைத்துக்கொண்டார்கள். உடை, உணவு, பழக்கவழக்கம் எல்லாமே மாறியது. கிறிஸ்தவராவது என்றால் ஒரு வெளிநாட்டு அரசின் ஆளாக மாறுவது என்றே பார்த்தவர்களுக்குத் தோன்றியது.

தமிழகக் கடற்கரையிலும் அப்படித்தான். முத்துக்குளிப்பில் எழுந்த மோதலில் பாதுகாப்பு தேடிய பரதவர் மக்கள், 1530-களில் போர்ச்சுக்கீசியரின் துணையை நாடினார்கள். பெரும் எண்ணிக்கையில் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து அவர்களிடையே பணி செய்தார். இதன்பிறகு கிறிஸ்தவர் என்றாலே போர்ச்சுக்கீசியரும் அவர்களைச் சேர்ந்தவர்களும்தான் என்ற எண்ணம் உள்நாட்டில் உறுதியானது.

இன்னொரு விஷயம். பரங்கி மீதான வெறுப்பில் பாதி, சாதி பார்க்கும் வெறுப்பு. மாட்டிறைச்சி சாப்பிடுபவர், மது குடிப்பவர், தினமும் குளிக்காதவர், ஒதுக்கப்பட்ட மக்களோடு கலந்து பழகுபவர். இவைதான் பரங்கி மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகள். அதாவது வெள்ளைக்காரர்களின் மதத்தைவிட, அவர்கள் யாரோடு உட்காருகிறார்கள் என்பதே பலருக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பின்பாதி இதில்தான் வந்து நிற்கிறது.

பத்து வருஷம் ஆச்சு, ஒருத்தர்கூட வரலை

நொபிலி மதுரைக்கு வந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு பாதிரியார் இருந்தார். பெயர் கொன்சாலோ பெர்னாண்டஸ். போர்ச்சுக்கீசியர். துறவியாவதற்கு முன்பு படைவீரராக இருந்தவர். பள்ளிக்கூடம் நடத்தினார், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார். மதுரைக்கு வந்து தங்கிய பரதவக் கிறிஸ்தவர்களையும் போர்ச்சுக்கீசிய வணிகர்களையும் கவனித்துக்கொண்டார்.

நல்ல மனிதர் என்று ஊரில் பெயர் இருந்தது. ஆனால் பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்தும், மதுரை இந்துக்களில் ஒருவரைக்கூட அவரால் மதம் மாற்ற முடியவில்லை.

ஏன்? நொபிலி விசாரித்தார். கிடைத்த பதில் அவரை அதிர வைத்தது. ஞானஸ்நானத்துக்கு வருபவரிடம் அந்தக் காலத்தில் கேட்கப்பட்ட கேள்வியே, பரங்கிகளின் குலத்தில் சேர விருப்பமா என்ற பொருளில்தான் இருந்தது! கிறிஸ்தவ நம்பிக்கைக்கு இணையாகத் தமிழில் அவர்களே பயன்படுத்திய சொல் பரங்கி மார்க்கம். கேட்டவர்கள் தங்களைத் தாங்களே அசிங்கப்படுத்திக்கொள்கிறோம் என்பது தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மதத்தில் சேருவதா என்று முடிவெடுக்கும் முன்பே, சொந்த வீட்டையும் சாதியையும் மொழியையும் விட்டு வெளியேற வேண்டும் என்றுதான் மக்களுக்குப் புரிந்தது.

இது இரண்டு பக்கமும் நடந்த தவறு. மதுரைக்காரர்கள் ஒரு மதத்தையும் ஒரு நாட்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டார்கள். பாதிரியார்களும் அதே குழப்பத்தில்தான் இருந்தார்கள். ஐரோப்பியப் பழக்கவழக்கமே கிறிஸ்தவம் என்று அவர்களும் நம்பினார்கள்.

உடை மாறியது, உணவு மாறியது

நொபிலி ஒரு முடிவுக்கு வந்தார். தன் மேலதிகாரிகளான இயேசு சபை மாநிலத் தலைவர் ஆல்பர்ட்டோ லயேர்சியோ, கிராங்கனூர் பேராயர் பிரான்சிஸ் ரோஸ் ஆகியோரின் ஒப்புதலைப் பெற்றார்.

பெர்னாண்டஸின் வீட்டிலிருந்து வெளியேறி, தனியாக ஒரு குடில் அமைத்துக்கொண்டார். கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி உடுத்தினார். காலில் மரச் செருப்பு, கையில் தண்டும் கமண்டலமும். தலையில் குடுமி, நெற்றியில் சந்தனம், கொஞ்ச காலம் பூணூலும். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. சோறு, பால், காய்கறி. சமைப்பதற்கு அந்தணர் ஒருவரை வைத்துக்கொண்டார்.

தான் பரங்கி அல்ல, போர்ச்சுக்கீசியர் அல்ல, ரோமாபுரியில் உயர்குடியில் பிறந்த துறவி என்று ஓலையில் எழுதி ஊருக்கு அறிவித்தார். பிறப்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் சபை ஒன்றே, ஆண்டவர் ஒருவரே என்று சொல்லும் இரண்டு பாதிரியார்கள் ஒரே ஊரில் தனித்தனியாக வாழத் தொடங்கினார்கள். வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு, பெர்னாண்டஸ் பரங்கிக் குரு, நொபிலி ஐயர் என்று இரு வேறு மதங்களாகவே தெரிந்தது.

கொஞ்ச நாளில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் பெர்னாண்டஸின் பள்ளிக்கூடத்திலேயே பாடம் சொல்லிக் கொடுத்த சைவ ஆசிரியர். ஏறக்குறைய 20 நாள் இருவரும் கடவுள், உயிர், மறுபிறப்பு பற்றி விவாதித்தார்கள் என்று இயேசு சபைக் கடிதங்கள் சொல்கின்றன. அதன்பிறகே அவர் ஞானஸ்நானம் பெற்றார்.

சமஸ்கிருதம் சொல்லிக் கொடுத்தவர் யார்?

இன்றைக்கு காஞ்சிபுரம் பக்கத்தில் ஏனாத்தூரில் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலேயே சமஸ்கிருதம் பாடமாக இருக்கிறது. விண்ணப்பம் போட்டுப் படிக்கிற விஷயமாகிவிட்டது. 1600-களில் அப்படி இல்லை. வேதம் ஓதுவதற்கு உரிமை உள்ளவர் யார், கேட்பதற்கு உரிமை உள்ளவர் யார் என்று கடுமையான எல்லைகள் இருந்தன.

அந்த எல்லையைத் தாண்டி நொபிலிக்குச் சமஸ்கிருதம் கற்றுக் கொடுத்தவர் சிவதர்மர் என்ற தெலுங்கு அந்தணர். ஒரு வெளிநாட்டவருக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் தன் சமூகம் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே செய்தார். இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத துணிச்சல் அவருடையது. பின்னர் அவரும் ஞானஸ்நானம் பெற்றார்.

சமஸ்கிருதத்தையும் வேதாந்தத்தையும் ஆழமாகப் படித்த முதல் ஐரோப்பியர்களில் ஒருவராக நொபிலி கருதப்படுகிறார். புத்தகம் வழியாக மட்டும் அவர் படிக்கவில்லை. எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டுப் படித்தார். இந்துக்கள் எல்லாரும் பிசாசை வணங்குகிறவர்கள் என்று கோவாவில் பேசிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே நுட்பமான தத்துவ மரபுகள் இருக்கின்றன, அவற்றுக்குள் கருத்து வேறுபாடுகளும் இருக்கின்றன, ஒரே கடவுளைப் பற்றிப் பேசும் நூல்களும் இருக்கின்றன என்று அவர் ரோமுக்கு விளக்கி எழுதினார்.

அதற்காக அவர் எல்லா மதமும் ஒன்று என்று சொன்னவர் இல்லை. அதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். மறுபிறப்புக் கொள்கையையும் உருவ வழிபாட்டையும் கடுமையாக மறுத்து எழுதினார். மக்களை மதம் மாற்றுவதுதான் அவர் வந்த நோக்கம். தொலைந்துபோன ஒரு வேதத்தைக் கொண்டு வந்திருப்பதாக அவர் தன்னை முன்வைத்ததும் உண்டு. பண்பாட்டை மதித்தார், மதத்தை எதிர்த்தார். பண்பாடு எங்கே முடிகிறது, மதம் எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் வாழ்நாள் முழுக்க வாதாடினார்.

சொந்த சபையே சந்தேகப்பட்டது ஏன்?

பெர்னாண்டஸ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். 1610-இல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். நொபிலி இந்துவைப் போலவே வாழ்கிறார், பூணூலும் சந்தனமும் சிலை வழிபாட்டின் அடையாளங்கள், அவர் தன் சகோதரக் கிறிஸ்தவர்களையே தீண்டத்தகாதவர்கள்போல நடத்துகிறார் என்பது குற்றச்சாட்டின் சாரம்.

இதில் பெர்னாண்டஸை வில்லனாகப் பார்ப்பது எளிது. ஆனா அவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. நொபிலி பெர்னாண்டஸோடு வெளிப்படையாகப் பழகுவதைத் தவிர்த்தார். பரதவக் கிறிஸ்தவர்கள் நொபிலியின் கோயிலுக்குள் வருவதில்லை. பல ஆண்டுகள் அந்த மக்களோடு வாழ்ந்த ஒரு மூத்த பாதிரியாருக்கு அது வலித்திருக்கும்.

புகார் கோவாவுக்குப் போனது. ரோமுக்கும் போனது. நொபிலி இந்துவாகவே மாறிவிட்டார் என்ற வதந்தி ரோமில் பரவியது. அவரை நேசித்த கர்தினால் பெல்லார்மினே அதை நம்பி வருத்தத்தோடு கடிதம் எழுதினார். நொபிலியின் விளக்கம் கிடைத்த பிறகுதான் அவர் மனம் மாறி ஆதரவாளர் ஆனார்.

இடைப்பட்ட ஆண்டுகளில் நொபிலிக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. புதிதாக யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்ற நிலைகூட வந்தது. அவர் சோர்ந்து போகவில்லை. லத்தீனில் நீண்ட நீண்ட விளக்கங்கள் எழுதினார். அந்தணர்களின் நூல்களிலிருந்தே சான்றுகள் எடுத்துக் காட்டினார். பூணூல் என்பது சமூகத் தகுதியின் அடையாளம், குடுமி ஒரு பழக்கம், சந்தனம் ஓர் அலங்காரம், குளியல் ஒரு தூய்மை, இவற்றுக்கும் சிலை வழிபாட்டுக்கும் கட்டாயத் தொடர்பு இல்லை என்பது அவர் வாதம். ஆதித் திருச்சபையும் ரோமானியரின் பழக்கவழக்கங்களை இப்படித்தான் ஏற்றுக்கொண்டது என்று நினைவூட்டினார்.

1619-இல் கோவாவில் பேராயர் தலைமையில் ஒரு கூட்டம் கூட்டப்பட்டது. நொபிலி நேரில் போனார். காவி உடையில் அவரைப் பார்த்ததே பலருக்குப் பிடிக்கவில்லை. கூடியிருந்தவர்களில் பெரும்பான்மையினர் அவருக்கு எதிராக இருந்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அவருக்கு ஆதரவாக நின்றவர்களில் கோவா இன்குவிசிஷனின் விசாரணை அதிகாரி ஒருவரும் இருந்தார்.

1623: ரோமிலிருந்து வந்த தீர்ப்பு

விவகாரம் ரோமுக்குப் போனது. 1623 ஜனவரி 31 அன்று போப் பதினைந்தாம் கிரகோரி தீர்ப்பு வழங்கினார். பூணூல், குடுமி, சந்தனம், குளியல் ஆகியவற்றைப் புதிய கிறிஸ்தவர்கள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிற மதச் சடங்கு எதுவும் அவற்றோடு சேரக் கூடாது. புகார் எழுந்து 13 ஆண்டுகளுக்குப் பிறகு நொபிலிக்கு வெற்றி.

செய்தியில் வெற்றி மட்டும்தான் நினைவில் நிற்கும். அதே ஆணையின் முடிவில் இன்னொன்றும் இருந்தது. உயர்ந்த குலத்தில் பிறந்த கிறிஸ்தவர்கள் தாழ்ந்த நிலையில் இருக்கும் கிறிஸ்தவர்களை இகழக் கூடாது, குறிப்பாகக் கோயிலுக்குள் ஒதுக்கக் கூடாது என்று போப் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் பகுதி உடனே நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் பகுதி?

யாருக்குக் கதவு திறந்தது? யாருக்கு மூடியது?

தீர்ப்புக்குப் பிறகு நொபிலி மதுரையை விட்டு வெளியே பயணம் கிளம்பினார். சேந்தமங்கலம், சேலம், திருச்சிராப்பள்ளி என்று போனார். அங்கெல்லாம் ஒரு புதிய நிலைமை உருவானது. ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து மக்கள் அதிகமாக வரத் தொடங்கினார்கள்.

சிக்கல் இங்கேதான். காவி உடுத்திய ஐயர், ஒதுக்கப்பட்ட மக்களின் வீட்டுக்குள் போனால் உயர்சாதியினர் அவரையும் பரங்கி என்று ஒதுக்கிவிடுவார்கள். போகாவிட்டால், அந்த மக்களைக் கைவிட்டதாகிவிடும். அவர்களுக்கான வழிபாடு பல சமயம் இரவில், யார் கண்ணிலும் படாமல் நடந்தது.

1640 வாக்கில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்தணச் சந்நியாசி போல வாழ்பவர்கள் ஒரு பிரிவு. பண்டாரசாமிகள் இன்னொரு பிரிவு. சைவ மரபில் அந்தணர் அல்லாத துறவிகளான பண்டாரங்களைப் போல உடுத்திய இந்தப் பாதிரியார்கள், எல்லாச் சாதியினரிடமும் ஓரளவு பழக முடிந்தது. முதல் பண்டாரசாமி பல்தசார் டி கோஸ்டா. மதம் பரவிய வேகத்தைப் பார்த்தால் இந்த ஏற்பாடு பலித்தது. ஆனால் பிரச்சினையைத் தீர்க்கவில்லை. சாதிக்கு ஒரு வகைக் குரு என்று சுவரை இன்னும் ஒழுங்காகக் கட்டியதுபோல ஆனது.

நொபிலியின் பெரிய கணக்குப் பிழை இதுதான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பூணூலைச் சமூக வழக்கம் என்று பிரித்துக் காட்டிய அதே தர்க்கத்தால், சாதியையும் வெறும் சமூக வழக்கம் என்று எண்ணினார். ஐரோப்பாவில் பிரபுக்களும் குடியானவர்களும் இருப்பதுபோல இங்கே சாதிகள் என்று பிரபுக் குடும்பத்தில் பிறந்த அவருக்குத் தோன்றியது. தீண்டாமையால் பாதிக்கப்பட்டவரின் இடத்திலிருந்து பார்த்தால் அது வெறும் வழக்கம் இல்லையே.

பரங்கி என்ற வசவுக்கு அவர் சொன்ன பதிலையே பாருங்கள். நான் பரங்கி இல்லை என்றார். பரங்கியாக இருந்தால் என்ன தவறு என்று கேட்கவில்லை. வசவிலிருந்து அவர் வெளியே வந்துவிட்டார். கடற்கரையின் பரதவ மக்களும் ஒதுக்கப்பட்ட மற்றவர்களும் அதற்குள்ளேயே இருந்தார்கள்.

இதன் விளைவு நூற்றாண்டுகளைத் தாண்டி நீண்டது. 1704-இல் போப்பின் தூதர் டூர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை, ஒடுக்கப்பட்ட மக்களின் வீடுகளுக்குப் போக மறுக்கக் கூடாது என்று பாதிரியார்களுக்கு உத்தரவிட்டது. 1744-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் இதை உறுதிப்படுத்தினார். உத்தரவு போட வேண்டிய நிலை இருந்தது என்பதே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

1872-இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் கட்டப்பட்ட கோயிலை இன்றும் மக்கள் டவுசர் கோயில் என்கிறார்கள். ஏன் தெரியுமா? இரண்டு சாதிப் பிரிவினர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார, கால்சட்டையின் இரண்டு கால்கள்போல இரண்டு தனித்தனிப் பகுதிகளாகக் கட்டப்பட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தடுப்பு அகற்றப்பட்டபோது விவகாரம் நீதிமன்றம் வரை போனது. தனிக் கல்லறைத் தோட்டம், தனித் தேர்ப்பவனி போன்ற பிரச்சினைகள் சில ஊர்களில் இன்றும் செய்தியாகின்றன. இத்தனைக்கும் நொபிலி ஒருவரே காரணம் இல்லை. சாதி அவர் வருவதற்கு முன்பே இருந்தது. ஆனால் அதை எதிர்க்காமல் உள்ளே விடலாம் என்ற முன்னுதாரணம் அவருடைய காலத்தில் உறுதியானது.

சிறை, யாழ்ப்பாணம், மயிலாப்பூர்

வெளியில் எதிர்ப்பும் குறையவில்லை. 1640-இல் மதுரையில் நொபிலி மற்ற பாதிரியார்களோடு கைது செய்யப்பட்டார். உடைமைகள் பறிக்கப்பட்டன. மாதக்கணக்கில் சிறையில் இருந்து விடுதலையானார். அப்போது அவருக்கு வயது 60-ஐத் தாண்டியிருந்தது.

கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. 1640-களின் நடுவில் மேலிடம் அவரை மதுரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. பிறகு மயிலாப்பூர். அது அப்போது சாந்தோம் என்ற போர்ச்சுக்கீசியக் குடியிருப்பு. வாழ்நாள் முழுக்க எந்த அடையாளத்திலிருந்து விலகி நின்றாரோ, அதே பரங்கிகளின் ஊர்.

அங்கேயும் தன் முறையை மாற்றவில்லை. ஊரை விட்டுத் தள்ளி ஒரு சிறு குடிலில், அதே காவி, அதே எளிய சாப்பாடு. பார்வை ஏறக்குறைய போய்விட்ட நிலையில், தன் நூல்களைச் சீடர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லி எழுத வைத்தார். 1656 ஜனவரி 16 அன்று, 78-ஆவது வயதில் காலமானார்.

இறந்த பிறகும் விடாத பழி

தவறான புரிதல் அவர் மரணத்தோடு முடியவில்லை. 1760-இல் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் கையில் ஒரு கையெழுத்துப் பிரதி கிடைத்தது. எசூர்வேதம் என்று பெயர். மிகப் பழமையான இந்திய ஞான நூல் என்று அவர் நம்பினார். கிறிஸ்தவத்துக்கு முன்பே உயர்ந்த சிந்தனை இந்தியாவில் இருந்தது என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டினார். 1778-இல் அது அச்சாகவும் வந்தது.

பிறகுதான் அது வேதமே இல்லை, கிறிஸ்தவக் கருத்தை வேதம்போல எழுதிய நூல் என்று தெரிந்தது. எழுதியவர் யார்? திருக்குறளுக்கு உரை எழுதிய எல்லிஸ் துரை புதுச்சேரியில் அந்தக் கையெழுத்துப் பிரதிகளை ஆராய்ந்தார். அவர் இறந்த பின் 1822-இல் வெளியான கட்டுரையில் நொபிலியின் பெயர் வந்தது. அன்றிலிருந்து போலி வேதம் எழுதிய பாதிரியார் என்ற பட்டம் அவருக்கு ஒட்டிக்கொண்டது.

பிற்கால ஆய்வு வேறு முடிவுக்கு வந்தது. அந்த நூல் 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயேசு சபையினர் வட்டத்தில் உருவானது, நொபிலிக்கு அதில் தொடர்பில்லை. அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழிந்தபிறகு எழுதப்பட்ட நூல் அது. ஆனாலும் பழைய குற்றச்சாட்டு இன்னும் சில இடங்களில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

தமிழுக்கு என்ன விட்டுப் போனார்?

நொபிலிக்கு முன்பே, 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற தமிழ் நூல் அச்சாகியிருந்தது. ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியாரின் அந்த முயற்சி முன்னோடியானது. ஆனால் சமயச் சொற்கள் பலவும் போர்ச்சுக்கீசியம், லத்தீன் ஒலியிலேயே இருந்தன. கேட்பவர்களுக்கு அது வெளிநாட்டு மதம் என்ற எண்ணத்தையே வலுப்படுத்தியது.

நொபிலி தமிழ், சமஸ்கிருத வேர்களிலிருந்து சொற்களை எடுத்தார். கோயில், குரு, வேதம், பூசை, அருள் போன்ற சொற்கள் கத்தோலிக்க வழிபாட்டுத் தமிழில் நிலைபெற்றதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றும் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் பலர் சர்ச்சுக்குப் போகிறேன் என்பதைவிட கோயிலுக்குப் போகிறேன் என்றுதான் சொல்கிறார்கள்.

ஞானோபதேச காண்டம், ஆத்தும நிருணயம், தூஷணத் திக்காரம் ஆகியவை அவர் உரைநடை நூல்களில் முக்கியமானவை. கடைசி நூலின் பெயரே, பழிச்சொற்களுக்கு மறுப்பு என்ற பொருள் தரும். செய்யுளே கோலோச்சிய காலத்தில் கனமான தத்துவ விவாதத்தை உரைநடையில் எழுதியது தமிழ் வரலாற்றில் ஒரு திருப்பம். அந்த நடையில் சமஸ்கிருதச் சொற்கள் அதிகம். அடுத்த நூற்றாண்டில் வந்த வீரமாமுனிவர் தமிழ் நடையை இன்னும் எளிமையாக்கினார்.

இன்றைக்கு இந்தக் கதை எதுக்கு?

1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மற்ற மதங்களைப் பற்றி ஒரு பிரகடனம் வெளியிட்டது. பிற மதங்களில் உள்ள உண்மையையும் புனிதத்தையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்பது அதன் சாரம். உள்ளூர் மொழியில் வழிபாடு, உள்ளூர்ப் பண்பாட்டோடு இணைவது எல்லாம் அதன்பிறகு கத்தோலிக்கத்தில் இயல்பானது. குத்துவிளக்கு ஏற்றுவது, பொங்கல் வைப்பது, ஆரத்தி எடுப்பது எல்லாம் இன்று தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கோயில்களில் சாதாரணக் காட்சி. அன்றைக்கு நொபிலியை விசாரணைக்கு நிறுத்தியது இதே மாதிரி விஷயங்கள்தான்.

இன்றைக்கும் கிறிஸ்தவர் என்றால் வெளிநாட்டு விசுவாசி என்று ஒரு பக்கம் பேச்சு வருகிறது. இந்து வழிபாட்டைப் பிசாசு என்று இழிவாகப் பேசும் பிரசங்கம் இன்னொரு பக்கம் வைரலாகிறது. இரண்டும் 1606-இல் மதுரையில் இருந்த அதே இரண்டு தவறுகள். செல்போன் மட்டும்தான் புதுசு.

நொபிலி செய்தது என்ன? எதிரில் இருப்பவரின் மொழியைக் கற்றார். அவர் நூல்களை அவரிடமே கேட்டுப் படித்தார். ஒரு விளக்கத்துக்காக 20 நாள் உட்கார்ந்து பேசினார். அதனால் ஒரு சொல்லின் மேல் படிந்திருந்த வெறுப்பில் கொஞ்சமாவது கரைந்தது.

செய்யாமல் விட்டது என்ன? அந்த வெறுப்புக்கு அடியில் இருந்த சாதியைத் தொடவில்லை. மதங்களுக்கு இடையிலான சுவரில் ஒரு கதவு திறந்தவர், மனிதர்களுக்கு இடையிலான சுவரை அப்படியே விட்டுவிட்டார். 1623 ஆணையின் முதல் பகுதி நிறைவேறி 400 ஆண்டுகள் ஆகிவிட்டன. தாழ்த்தப்பட்டவர்களை இகழாதீர்கள் என்ற அதன் கடைசிப் பகுதி, முழுதாக நிறைவேறுவதற்கு இன்னும் காத்திருக்கிறது.